அப்பாவுக்கு ஒரு பேட்ஜ்

எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் பெண் பார்ப்பதற்கு முன்பெல்லாம் கோயிலுக்குப் போவார்கள். இரண்டு குடும்பமும் தற்செயலாகப் பிராகாரத்தில் சந்தித்துக்கொண்டதாகப் பாவனை. பிடித்தால் பூ வைப்பார்கள். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்தோம், கும்பிட்டாயிற்று, கிளம்புகிறோம் என்று போய்விடலாம். இப்போது எல்லோரும் கும்மாளபுரிக்குப் போகிறார்கள். சாமி வாயைத் திறந்து எதுவும் சொல்லாது. கும்மாளபுரி சொல்லிவிடும்.

அன்று காலை அதன் வாசலில் இறங்கியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளே ராட்டினங்கள் சுழல்கின்றன, யாரோ மேலேயிருந்து வீறிடுகிறார்கள், காற்றில் பஞ்சுமிட்டாய் வாசனை. எதிரே செழியன் அவன் அம்மாவோடு நிற்கிறான். நானும் அவனும் காதலிப்பது ஊருக்கே தெரியும். பெரியவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அதனால் முன்பின் பார்க்காதவர்கள் போல் நின்றோம். அவன் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று நான் அவன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கும்மாளபுரிக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன். வாசலில் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். உள்ளே நீங்கள் ஏதாவது நல்லது செய்தால் பட்டை கிணுங்கும், பக்கத்தில் இருக்கும் தூணின் வாயிலிருந்து ஒரு பேட்ஜ் விழும். வரிசையில் முண்டாமல் நின்றால் எறும்பு. சாப்பாட்டைப் பகிர்ந்தால் காக்கை. இதமாகப் பேசினால் கிளி. சிரித்த முகத்தோடு காத்திருந்தால் ஆமை. இவற்றுக்கெல்லாம் மேலே, விளம்பரப் பலகையில் மட்டும் மினுங்கும் பொன்வண்டு. அது எதற்குக் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது, யாருக்கும் கிடைத்ததும் இல்லை.

ஆரம்பத்தில் இது குழந்தைகள் சேர்க்கிற சாமானாகத்தான் இருந்தது. அப்புறம் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடுமுன் “பேட்ஜ் இருக்கா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். மணமகள் தேவை விளம்பரத்தில் ராசி நட்சத்திரத்துக்கு அடுத்த வரியில் எறும்பும் கிளியும் வந்து உட்கார்ந்தன. ஏமாற்றிச் சம்பாதிக்கவும் முடியாது. அங்கேதான் வந்தது என் வீட்டு வம்பு.

என் அப்பா தங்கமாரியப்பனுக்கு ஒரு பேட்ஜ்கூடக் கிடைத்ததில்லை. பஸ் கண்டக்டராக இருந்து டிக்கெட் பரிசோதகராக ஓய்வு பெற்றவர். எச்சில் துப்பாதவர், வரிசையில் முந்தாதவர், யாரையும் ‘டா’ போட்டுப் பேசாதவர். வந்தபோதெல்லாம் வெறுங்கையோடு திரும்பினார். தெருவில் பேச்சு கிளம்பியது. “மனுஷன் வெளிய ஒழுங்கு, உள்ள ஈரமில்ல போலருக்கு.” அப்பா டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். எனக்கு அந்தத் தெருவையே கொளுத்தலாம் போலிருந்தது.

செழியனின் அம்மா வடிவாம்பிகைக்கு இதற்கு நேர் எதிர் ஜாதகம். சேலைத் தலைப்பு முழுக்கப் பேட்ஜ். நடந்தால் கிலுகிலுவென்று சத்தம், பாரம் தாங்காமல் தலைப்பு ஒரு பக்கமாகச் சரியும். வேஷம் போடுகிறவர் என்றால் சண்டை போட்டிருப்பேன். நிஜமாகவே நல்லவர், அதுதான் தொல்லை. கையில் ஒரு சின்னப் பை. அதற்குள் வாழையிலையில் கட்டிய மல்லிகைச் சரம். சாயங்காலம் என் தலையில் வைக்க வேண்டிய பூ.

“அண்ணே, கோவிச்சுக்கக் கூடாது” என்று அவர் வாசலிலேயே சொல்லிவிட்டார். “என் தங்கச்சி மகளக் கட்டிக் குடுத்த வீடு வெளிய பார்க்கத் தங்கம். உள்ள அந்தப் பிள்ள பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதுலருந்து ஒரு பயம். சம்பந்தி கைல ஒரு பேட்ஜ், ஒரே ஒரு எறும்பா இருந்தாலும் சரி. பார்த்துட்டேன்னா பூவ வெச்சிட்டு நிம்மதியாப் போயிருவேன்.”

“சரிம்மா” என்றார் அப்பா. வேறு என்ன சொல்வார்?

அப்பா களத்தில் இறங்கினார். தண்ணீர்ச் சறுக்கு வரிசையில் ஒரு கர்ப்பிணிக்கு வழிவிட்டார். பட்டை மூச்சுவிடவில்லை. பின்னாலிருந்த ஒருவன் அந்தப் பெண்ணைப் பார்த்து, “பார்த்து போங்கக்கா” என்று பல்லைக் காட்டினான், அவனுக்குக் கிளி விழுந்தது. கூட வந்திருந்த என் அம்மா ஐஸ்கிரீம் விற்கிற பெண்ணிடம், “நின்னு நின்னு கால் வலிக்குமேத்தா” என்றாள், உடனே ஒரு கிளி. கூட்டத்தில் ஒரு குழந்தை அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுதது. அப்பா சாவிக்கொத்தில் இன்னும் தொங்கும் கண்டக்டர் விசிலை எடுத்து ஊதினார். மொத்தக் கூட்டமும் நின்றது, தாய் ஓடிவந்து குழந்தையை வாரி எடுத்தாள். நான் கைதட்டிக் குதித்தேன். இதற்குமா கிடைக்காது?

கிடைக்கவில்லை.

செழியன் கும்மாளபுரியின் கட்டுப்பாட்டு அறையில்தான் வேலை பார்க்கிறான். ஒரு ஜூஸ் கடைக்குப் பின்னால் அவனை மடக்கினேன்.

“உன் மிஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?”

“மெதுவாப் பேசு, அம்மா பாக்கறாங்க. இங்க பாரு, கேமரா செய்யறத மட்டும்தான் பார்க்கும். மனசுல என்னன்னு பட்டைதான் சொல்லும். நாடி, வேர்வை, மூச்சு எல்லாத்தையும் வெச்சு. பேட்ஜுக்காக நடிக்கறவன் நெஞ்சு ஒரு மாதிரி அடிக்கும், கணக்குப் போடற மாதிரி. அத அது தள்ளிடும்.”

“எங்கப்பா நடிக்கறாருங்கறியா?”

“நான் சொல்லல. மாமாவோட கணக்க நேத்தே எடுத்துப் பார்த்தேன். அவர் நல்லது செய்யறப்ப சந்தோஷப்படறதே இல்ல. பயப்படறார். தப்பாயிடுமோ, விட்டுப்போச்சோன்னு. அந்தப் படபடப்பும் நடிக்கறவன் படபடப்பும் மிஷினுக்கு ஒண்ணாத்தான் தெரியுது.”

“பயந்து பயந்து நல்லவனா இருந்தா அது நல்லது இல்லையா? சர்வீஸ் முழுக்கப் பயந்துதானே இருந்தாரு! ஒருத்தன் டிக்கெட்டயும் தப்பாக் கிழிச்சிரக் கூடாதுன்னு! நீ ஒண்ணத் தட்டிவிடு. ஒரு எறும்பு. யாருக்குத் தெரியப் போகுது?”

“என்னால முடியாது ஆதிரை. நான் அதுக்குச் சோறு போடறவன், அவ்வளவுதான். கேமரா, தூணு, பட்டை, அதோ போகுதே அது, எல்லாத்துக்கும் ஒரே மூளை. அது குடுக்கணும்.”

அதோ போகுதே என்று அவன் காட்டியது குப்பை பொறுக்கும் யந்திரம். நாய்க்குட்டி உயரம், உருண்டை உடம்பு, ஒற்றைக் கை, முன்னால் இரண்டு கண்ணாடிக் கண்கள். ஜனங்கள் அதற்குப் ‘பொறுக்கி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவன் போகிறபோக்கில் அதை எத்திவிட்டுப் போனான். அது ஒரு சுற்றுச் சுற்றி நின்று, மறுபடி ஒரு காகிதக் குவளையை எடுக்கப் போனது.

மதியம் மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். வடிவு அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் புளியோதரையை அள்ளிக் கொடுத்து இன்னொரு காக்கையைத் தலைப்பில் குத்திக்கொண்டார். அப்பா தன் பங்கை அப்படியே எடுத்து ஒரு பையனிடம் நீட்டினார். எல்லோரும் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வியர்வைதான் வழிந்தது. பையன் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஏத்தா, நான் வேணா கல்யாணத்துல முன்னாடி நிக்காம ஒதுங்கி இருந்துக்கறேன். உன் சித்தப்பன்கிட்ட ஆமை இருக்குல்ல? அவன் தாரை வார்க்கட்டும். அந்தம்மாவுக்கும் மனசு நிறைஞ்சிரும்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “அப்படி ஒரு கல்யாணம் எனக்கு வேணாம்” என்றேன். சொன்ன வேகத்திலேயே எனக்கு ஒரு யோசனையும் பளிச்சென்று வந்தது. அப்பாவின் பயம்தானே இடைஞ்சல்? தப்பாகிவிடுமோ என்று பயப்படவே நேரமில்லாத அளவுக்குப் பெரிய பயத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தால்?

“எல்லாரும் பேயாட்டத்துல ஏறுறோம்!” என்று அறிவித்தேன்.

பேயாட்டம் என்பது கும்மாளபுரியிலேயே பெரிய ராட்டினம். மேலே கொண்டுபோய்த் தலைகீழாகத் தொங்கவிட்டு, யோசித்துப் பார்த்து, பிறகு கீழே எறியும். செழியன் ஓடிவந்து, “ஆதிரை, அதுல ஒரு விஷயம் என்னன்னா, மேல இருக்கறப்ப...” என்று தொடங்கினான். “சும்மா இரு” என்று அவனைக் கட்டுப்பாட்டு அறைக்கே துரத்திவிட்டேன்.

ஏறும் இடத்தில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அப்பா இடது செருப்பைப் பெஞ்சுக்கு அடியிலும் வலது செருப்பை எங்கோ தூணோரத்திலும் விட்டுவிட்டு வந்தார். கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான். ஜோடியாக இருந்தால்தானே திருடன் எடுப்பான்? அத்தை பையைப் பெட்டகத்தில் வைத்தார், பூப்பொட்டலத்தை மட்டும் வைக்க மறுத்துவிட்டார். “தலைல வைக்கப்போற பூவக் கண்ட இடத்துல வைக்கக் கூடாது” என்று மடியிலேயே வைத்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்து இருக்கை அப்பாவுக்கு வாய்த்தது. நானும் அம்மாவும் பின்னால்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கோவையாகச் சொல்ல என்னால் முடியாது. வானம் கீழே போனது. அம்மா இருக்கிற எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டாள், நடுவில் என்னையும் திட்டினாள். நான் கத்தினேன், சிரித்தேன், மறுபடி கத்தினேன். தலைகீழாகத் தொங்கியபோது முன்னால் ஏதோ பச்சையாக மடியை விட்டுப் பறந்தது. ஒரு கை சட்டென்று எட்டி அதைப் பிடித்தது. அவ்வளவுதான் பார்த்தேன். வண்டி கீழே பாய்ந்தது.

இறங்கியபோது எல்லோருக்கும் முடி பேய் பிடித்தது போல் கலைந்திருந்தது. நான் அப்பாவின் பட்டையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற பணியாளர், “மேல இருக்கறப்ப பட்டை எதையும் கணக்குல எடுத்துக்காதுங்க. எல்லாருக்கும்தான் நெஞ்சு அடிக்குமே” என்றார். செழியன் சொல்லவந்த விஷயம் அதுதான். வாயை மூடச் சொன்னவள் நான்.

அப்பா கசங்கிய பொட்டலத்தை அத்தையிடம் கொடுத்துவிட்டுத் தள்ளாடியபடி செருப்பைத் தேடிப் போனார். அம்மா தண்ணீர் வாங்கப் போனாள். அத்தை பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு கையிலிருந்த பட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

“இத அங்கிட்டு வை. திரும்பி உக்காரு.”

என் பின்னலில் அவர் விரல் பட்டது. மல்லிகை வாசனை வந்தது. எனக்கு ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை.

“அத்தை, அப்பாவுக்கு இன்னும் வரலையே.”

“வராட்டி என்ன? தலைகீழாத் தொங்கறப்ப அத்தன பேரும் கம்பியப் பிடிச்சிருந்தோம். நானும்தான், பூவையே விட்டுட்டேன். உங்கப்பா கம்பிய விட்டுட்டு இந்தப் பொட்டலத்தப் பிடிச்சாரு. முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. ‘பயப்படாதீங்க தங்கச்சி, எனக்கும் பயமாத்தான் இருக்கு’ங்கறாரு. அந்த மனுஷன் வீட்டுப் பொண்ண வேணாம்னு நான் எங்க போய்த் தேட?”

“பட்டைய எதுக்குக் கழட்டினீங்க?”

அத்தை சிரித்தார். “உனக்குப் பூ வெச்சதுக்கு எனக்கு ஒரு காக்கா விழுந்துட்டா? அப்புறம் எதுக்கு வெச்சேன்னு எனக்கே சந்தேகம் வந்துரும்ல.”

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பேட்ஜெல்லாம் குத்தியது, பரவாயில்லை. அவர் தோளுக்கு மேலாக அப்பா தெரிந்தார். இடது செருப்பு மட்டும் காலில் இருந்தது. தூணோரத்தில் குனிந்து வலதைத் தேடியபடி பின்பக்கமாகவே நகர்ந்து வந்தவர், அந்த வழியாக வந்த பொறுக்கியின்மேல் காலை இடித்துவிட்டார். அது தடுமாறிச் சாய்ந்தது.

அப்பா திரும்பினார். குனிந்து அதன் முதுகைத் தொட்டு, தொட்ட விரல்களைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். கால் பட்டுவிட்டால் நாம் செய்வோமே, அதுதான். ஆளென்றும் யந்திரமென்றும் பார்க்கவில்லை. செய்தது அவருக்கே தெரிந்திருக்காது. மறுபடி செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

கும்மாளபுரி நின்றுபோனது. ராட்டினங்கள் நிற்கவில்லை, ஆனால் பாட்டு நின்றது. எல்லாத் தூண்களும் ஒரே நேரத்தில் பொன்னிறமாக எரிந்தன. அப்பாவின் பட்டை நாதஸ்வரம் போல் முழங்கியது. பக்கத்துத் தூணின் வாயிலிருந்து பச்சையும் பொன்னுமாக மினுங்கிக்கொண்டு ஒரு பேட்ஜ் விழுந்து உருண்டது.

“பொன்வண்டு!” என்று யாரோ அலறினார்கள். அடுத்த நொடி நான்கு திசையிலிருந்தும் ஜனம் ஓடிவந்தது. தோளில் குழந்தையோடு ஓடிவந்தார்கள், பாதி ஐஸ்கிரீமோடு ஓடிவந்தார்கள். நானும் பெஞ்சின்மேல் ஏறி நின்று “எங்கப்பா! அது எங்கப்பா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அப்பா திருடன் போல் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றார். “நான் என்ன செஞ்சேன்? செருப்பத்தானேய்யா தேடினேன்?”

செழியன் கட்டுப்பாட்டு அறையிலிருந்து மூச்சிரைக்க வந்தான். முகம் பேயைப் பார்த்தவன் போலிருந்தது.

“என்னடா இது?” என்றார் அத்தை.

“தெரியலம்மா! மத்ததெல்லாம் எதுக்குத் தரணும்னு நாங்க சொல்லிக் குடுத்தது. பொன்வண்டுக்கு மட்டும் ஒண்ணும் சொல்லல. எது பெரிய நல்லதுன்னு நீயே கண்டுபிடின்னு விட்டுட்டோம். இத்தன வருஷமா அது யாருக்கும் குடுக்கல. நாங்களே மறந்துட்டோம்.” அவன் கையிலிருந்த திரையைக் காட்டினான். “இத பாருங்க. மாமா அதத் தொடறப்ப பட்டைல பயமே இல்ல. கணக்கும் இல்ல. ஒண்ணுமே இல்ல. தூங்கற குழந்த மாதிரி இருக்கு.”

அதற்குள் பெரிய திரையில் அந்தக் காட்சி ஓட ஆரம்பித்துவிட்டது. பார்க்க வேண்டுமே கூத்தை! ஒருவன் வேண்டுமென்றே பொறுக்கியை எத்தினான், உடனே தொட்டுக் கும்பிட்டான். தூணைப் பார்த்தான். ஒன்றும் விழவில்லை, இன்னும் பலமாக எத்திவிட்டு இன்னும் பக்தியாகக் கும்பிட்டான். அவனுக்குப் பின்னால் வரிசையே நின்றது. எத்துவதற்கு வரிசை! யாரும் முண்டாமல் நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சின்ன உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது.

விசில் சத்தம் காதைக் கிழித்தது. அப்பா கூட்டத்துக்குள் புகுந்து யந்திரத்துக்கு முன்னால் காலை அகட்டி நின்றுகொண்டார். “எல்லாரும் இறங்கு! தள்ளு அங்கிட்டு! ஒருத்தரும் கிட்ட வரக் கூடாது!” சர்வீஸ் முழுக்கப் பஸ்ஸில் கேட்ட குரல். கூட்டம் தன்னாலேயே பின்வாங்கியது.

கலைந்து போகிறவர்களை விலக்கிக்கொண்டு நான் அவரிடம் ஓடினேன். அப்பா பொன்வண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். கண்ணில் அத்தனை கெஞ்சல்.

“ஏத்தா, இது செல்லுமா? இதக் காட்டினா அந்தம்மா சரின்னு சொல்லிருவாங்களா?”

நான் தலையைத் திருப்பிக் காட்டினேன்.

அப்பா கசங்கிய மல்லிகையைப் பார்த்தார். “எப்ப வெச்சாங்க?”

“நீங்க செருப்பு தேடிக்கிட்டு இருந்தப்ப. இது விழறதுக்கு முன்னாடியே.”

பொன்வண்டு விழுந்ததால்தான் பூ வைத்தார்கள் என்று ஊர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். பூ முதலில், பேட்ஜ் பிறகு. நான் சாட்சி.

அப்பா பொன்வண்டைச் சட்டையில் குத்திக்கொள்ளாமல் சில்லறை போல் பைக்குள் போட்டுக்கொண்டார். துண்டால் கண்ணைத் துடைத்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“எல்லாம் சரித்தா. என் இன்னொரு செருப்பு எங்க?”

பின்னால் கடகடவென்று சத்தம் கேட்டது. பொறுக்கி வந்துகொண்டிருந்தது. ஒற்றைச் செருப்பைக் குப்பை என்று நினைத்து விழுங்கியிருக்கிறது. அப்பாவின் அருகில் வந்து வயிற்றைத் திறந்து வலது செருப்பை வெளியே தள்ளியது. தள்ளிய வேகத்தில் அதன் சக்கரம் அவர் காலில் இடித்துவிட்டது.

அது நின்றது. ஒற்றைக் கையை நீட்டி அப்பாவின் பாதத்தைத் தொட்டது. தொட்ட கையை மெல்லத் தூக்கித் தன் கண்ணாடிக் கண்களில் ஒற்றிக்கொண்டது.

செழியன் கையிலிருந்த திரையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான். அத்தை தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு மட்டும் எந்த ஆச்சரியமும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்வது போலவே அதனிடமும் சொன்னார்.

“பரவாயில்லப்பா. பரவாயில்ல, போ.”